பெயர் சொல்லாத வீடு

கட்டியை முதலில் தொட்டது என் கை இல்லை. ஞாயிறு பூசைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். மகள் ஜெனி என் கொண்டையில் மல்லிகைச் சரத்தைச் செருகிவிட்டு, கழுத்தோரம் கலைந்திருந்த முடியை ஒதுக்கினாள். அவள் விரல் ஓரிடத்தில் நின்றுவிட்டது.

"அம்மா, இங்க என்னது இது? சுண்டக்காய் மாதிரி உருளுது."

தொட்டுப் பார்த்தேன். வலிக்கவில்லை. வலிக்காத எதையும் எங்கள் வீட்டில் நோயாக மதிப்பதில்லை. நெறி கட்டியிருக்கும் என்று சொல்லிவிட்டுக் கோயிலுக்குப் போய்விட்டேன்.

அதற்கு முன்பே உடம்பு சொல்லத்தான் செய்தது. சாயங்காலமானால் லேசான காய்ச்சல். விடியும்போது தலையணை உறை பிழியலாம் போல வேர்வை. ஐம்பதைத் தாண்டியவளுக்கு வேர்வை வந்தால் மாதவிடாய் நிற்கிற காலம் என்று சக ஆசிரியைகள் சொன்னார்கள், நானும் தலையாட்டினேன். ரவிக்கைகள் தொளதொளத்தபோது, இளைத்துவிட்டேன் என்று சந்தோஷப்பட்டேன்.

நான் திண்டுக்கல்லில் ஒரு பெண்கள் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுப்பவள். என் கணவர் சூசைக்குப் பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை. கன்னிவாடிப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வரும் மல்லியும் முல்லையும் பிச்சியும் அவர் தராசில் ஏறித்தான் வெளியூர் போகும். என்னை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. கல்யாணமான புதிதில் கேலியாக ஆரம்பித்த 'டீச்சர்'தான் இன்றுவரை.

கட்டி சுண்டைக்காயிலிருந்து நெல்லிக்காய் அளவுக்கு வந்தபோது மதுரையில் ஒரு பெரிய மருத்துவமனைக்குப் போனோம். பயாப்சி (கட்டியிலிருந்து ஒரு துண்டை வெட்டி எடுத்துச் சோதிப்பது) செய்தார்கள். முடிவு வந்த அன்று எனக்குப் பள்ளியில் தேர்வு வேலை. சூசையும் ஜெனியும் போய் வந்தார்கள்.

"கணு டி.பி.யாம்" என்றார் சூசை, செருப்பைக் கழற்றிக்கொண்டே. "மாத்திரையில கேக்காதாம். டிரிப்ஸ் வழியா ஸ்ட்ராங்கான மருந்து ஏத்தணுமாம். சரியாப் போயிரும்."

ஜெனி நேராகக் குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தண்ணீர் விழும் சத்தம் வெகுநேரம் கேட்டது. வெயிலில் அலைந்த அலுப்பு என்று நினைத்தேன்.

கணு டி.பி. (கழுத்தில் நெறி கட்டுகிற காசநோய்) நம் ஊரில் புதிதல்ல. என் மாணவிகளிலேயே இரண்டொருவருக்கு வந்து போயிருக்கிறது. நம்பினேன். முழுக்க நம்பினேனா என்று இன்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். நம்புவது வசதியாக இருந்தது, அவ்வளவுதான்.

முதல் தடவை மருந்து ஏற்றப் போனோம். ஒரு நீண்ட அறை, வரிசையாகக் கட்டில்கள், எல்லோர் கையிலும் ஊசி. பக்கத்துக் கட்டிலில் ஒட்டன்சத்திரத்து அம்மா ஒருவர். தக்காளி மண்டியில் வேலையாம். தலையில் ஒரு மயிர் இல்லை. வழுவழுவென்று மொட்டை.

எங்கள் பக்கத்தில் மொட்டைத் தலையைப் பார்த்தால் வேறு என்ன தோன்றும்? "பழனிக்கு நேந்துக்கிட்டீங்களா?" என்று கேட்டேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு எனக்குப் பின்னால் நின்ற சூசையைப் பார்த்தார். நொடிப்பொழுதுதான். "ஆமாங்க. ரொம்ப நாள் வேண்டுதலுங்க" என்று சிரித்தார்.

பிற்பாடுதான் தெரிந்தது, சூசை என் தலைக்கு மேலே கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறார். அறையில் இருந்த ஒவ்வொருவருக்கும் என் நோய் தெரிந்திருந்தது. என்னைத் தவிர.

அந்த மாதம் எனக்கு இன்னொரு வேலையும் இருந்தது. ஊரில் ஒரு வாசகர் வட்டம் நடத்துகிறோம். ஞாயிறு காலையில் ஒரு பள்ளிக்கூட அறையில் கூடிப் பழந்தமிழ்ப் பாடல்களைப் பேசுவோம். என் முறை வந்தது. 'பழம்பாடல்களில் காதலும் சாவும்' என்று தலைப்புக் கொடுத்திருந்தேன். அதற்காகச் சாயங்காலங்களில் பாடல்களை உரக்கப் படித்துப் பொருள் சொல்லிப் பார்ப்பேன். கேட்பதற்கு சூசைதான் இருப்பார்.

அவர் கேட்கும் விதமே தனி. மழைக்காலம் வந்துவிட்டது, முல்லை பூத்துவிட்டது, போனவன் இன்னும் திரும்பவில்லை என்று தலைவி வருந்தும் பாட்டுக்கு, "அம்புட்டு முல்லையும் ஒரே நாள்ல பூத்தா மார்க்கெட்ல விலை படுத்துருமே டீச்சர்" என்பார். எனக்குக் கோபம் வரும், சிரிப்பும் வரும்.

கையறுநிலைப் பாடல்களுக்கு (இறந்தவரை எண்ணிப் புலம்பும் பாடல்கள்) வந்தபோது மட்டும் அவர் எழுந்து போய் மோட்டாரைப் போட்டார். தொட்டி நிரம்பித்தான் இருந்தது.

"சாவுப் பாட்டெல்லாம் எதுக்கு? காதல் பாட்டை மட்டும் பேசிட்டு வாயேன்."

"ரெண்டையும் பாடுனது ஒரே ஆளுங்கதான். ஒண்ண வெட்டிட்டு ஒண்ண எப்படிப் பேசுறது? காதல் பாட்டுல யாருக்கும் பேரு கிடையாது. தலைவன், தலைவி, தோழி. அம்புட்டுதான். சாவுப் பாட்டுலதான் பேரு வரும். பேரச் சொல்லித்தான் அழுவாங்க."

"அப்ப பேரு சொல்லாத வரைக்கும் நல்லது" என்றார். அதை ஒரு நல்ல ரசனைக் குறிப்பாக எடுத்துக்கொண்டு என் பேச்சில் சேர்த்தேன்.

இன்னொரு மாற்றமும் இருந்தது. சூசை சண்டைக்காரர். குழம்பில் உப்புக் கூடினால் தெருவுக்கே கேட்கும். அந்த மனிதர் இப்போது தொட்டுக்கொள்ளும் வெஞ்சனம் தீய்ந்தாலும் பேசாமல் சாப்பிட்டார். மாதுளையை உரித்து முத்து முத்தாகக் கிண்ணத்தில் போட்டுக் கொடுத்தார். பூவோ, கேட்கவே வேண்டாம். கடையின் முதல்தரக் குண்டுமல்லி தினமும் பந்து பந்தாக வந்தது. வைத்துத் தீராமல் ஃபிரிட்ஜில் எவர்சில்வர் டப்பாக்கள் அடுக்கடுக்காக இருந்தன. இந்த வயதில் எங்கள் வீட்டுக்காரருக்குக் காதல் வந்திருக்கிறது என்று பள்ளியில் பீற்றிக்கொண்டேன்.

"கொஞ்ச நாளைக்கு வெளிய எங்கயும் போகாத" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். ஏன் என்று கேட்டால் பேச்சை மாற்றுவார். அதையும் கொஞ்சல் கணக்கிலேயே எழுதினேன். அவர் கடைக்குப் போன பிறகு ஆட்டோ பிடித்து வாசகர் வட்டத்துக்குப் போய்விட்டேன்.

அறை நிறைய ஆட்கள். ஜன்னலோரம் ஒருவர் விடாமல் இருமிக்கொண்டிருந்தார். நான் பாலைப் பாடல்களில் வரும் ஒரு மரபை விளக்கிக்கொண்டிருந்தேன். எத்தனையோ வருடங்களாக வகுப்பில் சொல்லும் விஷயம்தான். பிரிந்து போக முடிவு செய்த தலைவன் அதை வாய்விட்டுச் சொல்ல மாட்டான். வழக்கத்துக்கு மாறாகக் கனிவாக நடந்துகொள்வான். தேவைக்கு மேல் பேசுவான், தேவைக்கு மேல் தொடுவான். அந்த அதிகப்படியான அன்பிலிருந்தே தலைவி பிரிவு வரப்போவதை அறிந்துகொள்வாள்.

"அன்பு கூடினால் அவள் பயப்படுவாள்" என்று சொன்னேன். அடுத்த வாக்கியம் வரவில்லை.

மாதுளை முத்துக்கள் கண்முன் வந்தன. தீய்ந்த வெஞ்சனம். மோட்டார். ஜெனியின் குளியலறைத் தண்ணீர். ஒட்டன்சத்திரத்து அம்மாவின் மொட்டை.

போகப்போவது அவர் இல்லை. நான்.

தண்ணீர் கொடுத்தார்கள், குடித்தேன். எப்படியோ பேச்சை முடித்தேன். நன்றாக இருந்தது என்று எல்லோரும் சொன்னார்கள்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. எனக்கு ஆத்திரம். அவர் வாயிலிருந்து வரட்டும் என்று காத்திருந்தேன். அவர் மாதுளை உரித்தார், நான் வாங்கிச் சாப்பிட்டேன். ஒரே வீட்டுக்குள் ஆளுக்கொரு பொய்யை மடியில் கட்டிக்கொண்டு உலாவினோம்.

ஒன்றிரண்டு நாளில் உடம்பு காய்ந்தது. தொண்டை வலித்தது. நம் வீடுகளில் வழக்கமாகச் செய்வதைத்தான் செய்தேன். காய்ச்சல் மாத்திரை ஒன்றைப் போட்டுக்கொண்டு படுத்தேன். காய்ச்சல் இறங்கியது. யாரிடமும் சொல்லவில்லை. இதை வாசிப்பவர்களில் கீமோதெரபி (புற்றணுக்களை அழிக்கும் மருந்தை ரத்தத்தில் ஏற்றுவது) எடுப்பவர்கள் இருந்தால் இந்த இடத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். அந்த மாத்திரை காய்ச்சலை மறைக்கும். கிருமி உள்ளே தன் வேலையைப் பார்த்துக்கொண்டே இருக்கும். காய்ச்சல் தென்பட்டால் முதலில் செய்ய வேண்டியது மருத்துவமனையைக் கூப்பிடுவது.

மறுநாள் மதியம் மாத்திரையின் வேகம் தீர்ந்தது. குளிர் எடுத்தது. பல்லோடு பல் அடித்துக்கொண்டது. இரண்டு போர்வைக்குள் நான் நடுங்கியதில் கட்டில் ஆடியது. அப்போதுதான் சூசை கையில் பூப்பந்தோடு உள்ளே வந்தார்.

என் நெற்றியைத் தொட்டவர் பூவைக் கீழே போட்டுவிட்டார். "எப்ப இருந்து? எப்ப இருந்து காய்ச்சல்?"

"நேத்துல இருந்து."

"ஐயோ, ஏன் டீச்சர் சொல்லல?"

"நீங்க சொன்னீங்களா?"

அவருக்குப் புரிந்துவிட்டது. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. வாசலுக்கு ஓடினார். பூ ஏற்றும் வேனிலிருந்து ஈரச் சாக்குகளை இழுத்துத் தெருவில் எறிந்தார். என்னைத் தூக்கிப் பின்சீட்டில் கிடத்தினார். மதுரை ரோட்டில் அவர் அப்படி ஓட்டி நான் பார்த்ததில்லை. வண்டி முழுக்க வாடிய பூவின் வாடை. எனக்கு மூச்சு மேலே மேலே வாங்கியது. காதுக்குள் ஒரு இரைச்சல்.

டோல்கேட்டில் வரிசை நின்றது. முன்னால் லாரி. அவர் ஹாரனை அழுத்தி அழுத்திப் பார்த்தார்.

"நான் சாகப்போறேனா?"

"வாயக் கழுவு."

"அப்ப பேரச் சொல்லுங்க. எனக்கு வந்திருக்கறதோட பேரு."

"அப்புறம் சொல்றேன். இப்ப பேசாத, மூச்சு வாங்குது."

"அப்புறம்னா எப்ப? நான் போனப்புறம் பேரச் சொல்லி அழுவீங்களா?"

லாரி நகர்ந்தது. அவர் நகரவில்லை. பின்னால் நின்றவர்கள் கத்தினார்கள். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முன்னால் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"கேன்சர்."

அப்புறம்தான் வண்டியை எடுத்தார். அழுதுகொண்டே ஓட்டினார். "ஆனா குணமாகுற வகைன்னு சொன்னாங்க டீச்சர். மாதா சத்தியமாச் சொன்னாங்க. லிம்போமாவாம். மருந்துக்கு நல்லாக் கேக்குற வகையாம். காய்ச்சல் வந்தா உடனே கூட்டிட்டு வரணும்னாங்க. கூட்டத்துக்கு விடக் கூடாதுன்னாங்க. உங்கிட்ட எப்படிச் சொல்றது? சொன்னா ஏன்னு கேப்ப."

எனக்குக் கோபம் அங்கேதான் தலைக்கேறியது. பெயரை மறைத்தவர் அதோடு சேர்த்துக் குணமாகும் என்பதையும் மறைத்துவிட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நான் செத்துப்போனவளாகவே வீட்டுக்குள் நடமாடிக்கொண்டிருந்தேன். அதைச் சொல்லக்கூடத் தெம்பில்லை. கண்ணை மூடிக்கொண்டேன்.

அடுத்து நடந்தவை எனக்குத் துண்டு துண்டாகத்தான் நினைவிருக்கின்றன. ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டே போனது. நியூட்ரோபீனியா (கிருமிகளோடு போராடும் வெள்ளையணுக்கள் மிகவும் குறைந்துபோவது) என்றார்கள். அந்த நேரத்தில் வரும் காய்ச்சல் ஆளையே கொண்டுபோய்விடும். தனி அறை. கைகளில் மாற்றி மாற்றி ஊசி. கண்ணாடிக்கு வெளியே ஜெனி முகக்கவசத்தோடு நின்றாள். அதற்கு மேலே தெரிந்த கண்கள் வீங்கியிருந்தன.

காய்ச்சல் தணிய ஆரம்பித்த பிறகு டாக்டர் அம்மா என் கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"உங்களுக்கு வந்திருப்பது லிம்போமா. நிணநீர்க் கணுக்களில் வரும் புற்றுநோய். இதை முதல் நாளே உங்களிடம் நான் நேராகச் சொல்லியிருக்க வேண்டும். உங்கள் கணவர் கெஞ்சினார், ஒரு தடவை மருந்து ஏறட்டும், நானே சொல்கிறேன் என்றார். நான் ஒத்துக்கொண்டது தப்பு. இன்னும் கொஞ்சம் தாமதித்து வந்திருந்தால் பிழைத்திருக்க மாட்டீர்கள்."

அவர் பேசிய விதம் எனக்குப் பிடித்திருந்தது. பிறகு விதிமுறைகளைச் சொல்ல ஆரம்பித்தார். வேகவைக்காத எதையும் சாப்பிடக் கூடாது. கூட்டம் கூடாது. "அறையிலும் வீட்டிலும் பூ, பூச்செடி எதுவும் இருக்கக் கூடாது. பூவின் ஈரத்தில் கிருமி இருக்கும். வீட்டில் பூ வைப்பதுண்டா?"

சூசை சுவரோடு சுவராக நின்றிருந்தார். என்னைப் பார்த்தார்.

"எங்க வீட்டுச் சோறே பூதான் டாக்டர்" என்றேன். வெகுநாளுக்குப் பிறகு எனக்குச் சிரிப்பு வந்தது. சூசைக்கு வரவில்லை. வெளியே போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதார் என்று ஜெனி சொன்னாள்.

ஃபிரிட்ஜிலிருந்த அத்தனை டப்பாக்களையும் ஜெனி காலி செய்தாள். அன்றிலிருந்து சூசை மார்க்கெட்டிலேயே குளித்து, வேறு சட்டை மாற்றிக்கொண்டுதான் வீடு வந்தார். இத்தனை வருடத்தில் முதல்முறையாக என் கணவரிடம் பூ வாசம் இல்லை. சோப்பு வாசம் அடித்தது, யாரோ வேற்று மனிதர் பக்கத்தில் படுத்திருப்பது போல.

தலைமுடி அதற்குள் உதிர்ந்துவிட்டது. அடுத்த சுற்று மருந்துக்குப் போனபோது ஒட்டன்சத்திரத்து அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏனுங்க டீச்சர், நீங்களும் பழனிக்குப் போயிட்டு வந்துட்டீங்களாட்டிருக்குது?"

இரண்டு மொட்டைகளும் சேர்ந்து சிரித்த சிரிப்பில் நர்ஸ் ஓடி வந்தார்.

மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கும் நேரத்தில் சூசைதான் பாடல்களைப் படிப்பார். எனக்குக் கண் மங்கியிருந்தது. சீர் பிரிக்கத் தெரியாமல் முட்டி மோதிப் படிப்பார். அவராகவே ஒரு நாள் கையறுநிலைப் பாடல்களைப் புரட்டினார். இறந்துபோன யாரோ ஒரு தலைவனின் பெயரில் தடுக்கினார், திரும்ப ஒழுங்காகச் சொன்னார்.

"இந்தாளு எப்பவோ போயிட்டாரு. நம்ம இப்ப பேரச் சொல்றோம் பாரு" என்றார். "பேரு சொன்னா ஆளு போயிரும்னுதான் இவ்வளவு நாளா நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

பக்கத்துக் கட்டிலிலிருந்து, "இன்னொருக்காப் படிங்க சார்" என்று குரல் வந்தது. படித்தார்.

ஐந்தாவது சுற்றுக்குப் போனபோது அந்தக் கட்டிலில் வேறொருவர் இருந்தார். நர்ஸிடம் கேட்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். வீடு திரும்பும் வழியில், டோல்கேட் தாண்டியதும், ஒட்டன்சத்திரத்து அம்மாவின் பெயரைச் சொன்னேன். தெய்வாத்தாள். சூசையும் ஒருமுறை சொன்னார். ஒட்டன்சத்திரம் மண்டியில் தக்காளி தரம் பிரித்த தெய்வாத்தாள். என் பொருட்டு, தனக்கு வந்த நோயைப் பழனி வேண்டுதல் என்று சொல்லிச் சிரித்தவர்.

ஆறு சுற்றும் முடிந்தன. ஸ்கேன் பார்த்த டாக்டர் அம்மா, "இப்போதைக்கு எங்கும் தெரியவில்லை" என்றார். குணமாகிவிட்டதா என்று கேட்டேன். சில மாதங்களுக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டே இருப்போம் என்றார். என் வாழ்க்கை அப்போதிலிருந்து ஒரு ஸ்கேனுக்கும் அடுத்த ஸ்கேனுக்கும் நடுவில்தான் இருக்கிறது. அடுத்த வருடம் என்ற சொல்லை வகுப்பில் மட்டும்தான் பயன்படுத்துகிறேன்.

இதை வாசிக்கும் நீங்கள் ஒருவேளை உங்கள் மனைவியின் ரிப்போர்ட்டை பீரோவுக்குள் பூட்டி வைத்திருக்கலாம். அன்பினால்தான் செய்கிறீர்கள், தெரியும். சொல்லிவிடுங்கள். பூட்டினால் பயத்தோடு சேர்ந்து நம்பிக்கையும் உள்ளே மாட்டிக்கொள்ளும்.

முடி திரும்ப முளைத்திருக்கிறது. முன்பு நேராக இருந்தது, இப்போது சுருள். கண்ணாடியில் பார்த்தால் யாரோ ஒரு சின்னப் பையன் போல இருக்கிறேன். கழுத்தைத் தடவிப் பார்க்காமல் ஒரு நாளும் பல் துலக்குவதில்லை. இந்த உடம்பில் முன்பு குடியிருந்தேன், இப்போது அதைக் காவல் காக்கிறேன்.

பூவுக்குத் தடை நீங்கிவிட்டது என்று டாக்டர் அம்மா சொல்லிச் சில வாரங்கள் இருக்கும். சூசை தயங்கித் தயங்கி ஒரு முழம் கொண்டுவர ஆரம்பித்தார். சண்டையும் திரும்பி வந்தது. ரசத்தில் புளி தூக்கல் என்று போன வாரம் கத்தினார். அன்று எனக்கு வயிறு குளிர்ந்தது.

நேற்று மதியம் பெரிய பந்தாக மல்லியோடு வந்தார். முதல்தர மொட்டு. நோயை மறைத்திருந்த நாட்களில் கொண்டுவந்த அதே அளவு. போன வாரம் ஸ்கேன் எடுத்திருந்தோம்.

"ரிப்போர்ட் வந்துருச்சா?"

"இல்ல."

"என்னைப் பாத்துச் சொல்லுங்க."

பார்த்தார். "வரல டீச்சர். நாளைக்குன்னாங்க. எனக்கும் பயமாத்தான் இருக்கு. இது முகூர்த்தம் இல்லாம மிச்சம் விழுந்த பூவு. வேற ஒண்ணுமில்ல. நாளைக்கு ரெண்டு பேரும் சேர்ந்தே போவோம், நீயே வாங்கிப் பாரு."

நம்பினேன். இம்முறை வசதிக்காக அல்ல.

அவர் வழக்கம்போல எவர்சில்வர் டப்பாவை எடுத்து ஃபிரிட்ஜைத் திறந்தார். "பாதியை உள்ள வைக்கிறேன். நாளைக்கு வச்சுக்கலாம்."

"வேண்டாம்" என்றேன். "எல்லாத்தையும் இங்க கொடுங்க."

சரம் நிற்கும் அளவுக்கு இன்னும் முடி வளரவில்லை. அவர் நான்கைந்து கொண்டை ஊசிகளை எடுத்து, அந்தச் சுருளுக்குள் தேடித் தேடிக் குத்தி, முழுப்பந்தையும் தலையைச் சுற்றி நிறுத்தினார். கனமாக இருந்தது. மொட்டு விரியத் தொடங்கும்வரை இருவரும் அப்படியே உட்கார்ந்திருந்தோம்.